பச்சைக் கயிறு கட்டிய ஸ்பேனர்

பாண்டி அண்ணனின் ஜீப்பில், பேட்டரிக்குப் பக்கத்துக் கொக்கியில் தொங்க வேண்டிய ஸ்பேனர் எந்த நிமிடத்தில் என் கோட்டுப் பைக்குள் போனது?

ஐந்து வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டெர்மினலை இறுக்கியது நினைவிருக்கிறது. கையைத் துணியில் துடைத்தது நினைவிருக்கிறது. பேட்டரி மூடியில் சாக்பீஸால் டிக் போட்டது நினைவிருக்கிறது. இவற்றுக்கு நடுவில் அந்த ஸ்பேனரை என்ன செய்தேன் என்பது மட்டும் நினைவில் இல்லை. அன்று மாலை அந்த ஜீப் போடிமெட்டு மலைப்பாதையில் தீப்பிடித்தது. பாண்டி அண்ணன் கொக்கியில் கையை வைத்தபோது ஸ்பேனர் அங்கே இல்லை. அவருடைய இடது கை வெந்தது. ஸ்பேனர் எங்கே போனது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியும்.

இதை இப்போது எழுதக் காரணம், சென்ற வாரம் வந்த ஒரு போன். அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னை ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வயது முப்பத்திரண்டு. நாலு வயதில் கயல் என்று ஒரு மகள். ஆனால் அந்த வேலைக்கு நான் திரும்பப் போவதில்லை என்பதால், ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுபோல எழுதுவதற்கு எனக்கும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள்.

ஊர் ராசிங்காபுரம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்தேன். மின்வாரியத்தில் வேலை கிடைக்கும் என்று அப்பா காத்திருந்தார். கிடைக்கவில்லை. போடியில், மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற பதினோரு ஜீப்புகளை வைத்திருந்த ஓர் ஒப்பந்தக்காரரின் ஷெட்டில், வண்டிகளின் வயரிங்கைச் சோதிக்கப் படித்த ஆள் வேண்டும் என்றார்கள். ஏழு வருடம் அங்கே இருந்தேன். படிப்பில் டிரான்ஸ்பார்மரும் மோட்டாரும் பக்கம் பக்கமாக இருந்தன. பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு ஒரே ஒரு பாடம்தான். தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால் எங்களில் யாரும் அதை மதிக்கவில்லை. ஷாக் அடிக்காத அதே பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டு சேர்த்துவிட்டால், அந்த இரும்பு கண்ணெதிரே சிவந்து உருகும் என்பதை ஷெட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

ஷெட்டின் மேலாளர் ஜெயக்கொடி சார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். இடுக்கிப் பக்கத் தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் பேச்சில் மலையாளம் கலந்து வரும். ஆனால் பேச்சே குறைவு. ஆளைப் பார்த்துப் பேச மாட்டார், பானட்டைப் பார்த்துத்தான் பேசுவார். டிரைவர்களோடு வாக்குவாதம் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு வண்டி சரியில்லை என்று பட்டால் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான். டிரைவர் பின்னாலேயே வந்து கெஞ்சுவார், திட்டுவார், முதலாளியிடம் போவேன் என்பார். சார் வேறு வண்டியின் பானட்டைத் திறந்திருப்பார். பைக்குள் போன சாவி, பழுது பார்த்த பிறகுதான் வெளியே வரும்.

முதல் நாள் என்னிடம் அவர் பேசியது ஒரே வாக்கியம். "வளையலக் கழட்டி அங்க மாட்டு." சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு மோதிரமோ காப்போ வாட்ச்சோ தொங்கியது. எதற்கென்று நான் கேட்குமுன், மெக்கானிக் முருகேசன் அண்ணன் தன் மோதிர விரலை நீட்டிக் காட்டினார். விரலைச் சுற்றி வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு. பிளஸ் முனையைத் தொட்ட ஸ்பேனருக்கும் வண்டியின் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டிக் கனன்றதாம். எனக்குக் கல்யாணமாகி வேலைக்குத் திரும்பிய அன்று சார் என் கழுத்துச் சங்கிலியை ஒரு தரம் பார்த்தார். மறுநாள் என் மேஜையில், கழுத்துவரை பட்டன் வைத்த நீலக் கோட்டு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் ஆழமான பைகள்.

காலையில் ஆறு மணிக்குள் வண்டிகள் கிளம்பியாக வேண்டும். அதற்குமுன் ஒவ்வொன்றையும் ஒரே வரிசையில் சோதிப்பேன். பானட்டைத் திறந்ததும் எதையும் தொடக்கூடாது, முதலில் மோப்பம். அழுகிய முட்டை வாடை வந்தால் பேட்டரி வாயு கக்குகிறது, ரப்பர் கருகிய வாடை வந்தால் ஏதோ வயர் சுடுகிறது. பிறகு புறங்கையால் வயர்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் ஆடக்கூடாது. பிளஸ் முனையில் ரப்பர் தொப்பி இருக்க வேண்டும். அங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு வயரையும் விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். தகரத்தில் போட்ட துளை வழியாக வயர் நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் தகர விளிம்பு ஒவ்வொரு வளைவிலும் வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும்.

மலையில் மூடுபனிக்காக எல்லா டிரைவர்களும் மஞ்சள் விளக்கு மாட்டியிருப்பார்கள். அந்த வயர் நேராகப் பேட்டரியிலிருந்து வரும். சாவியை அணைத்தாலும் அதில் மின்சாரம் நிற்காது. அதனால் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அதற்கு ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். அதையும் திறந்து பார்ப்பேன்.

கடைசியாக மைனஸ் டெர்மினல், மைனஸ் முனையைக் கவ்வுகிற வயர்ப் பிடி. எங்களுக்குள் சண்டையெல்லாம் இதில்தான்.

போடி ஜீப் டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாலையில் வண்டியை நிறுத்தியதும், பேட்டரி இறங்காமல் இருப்பதற்காக மைனஸ் டெர்மினலைக் கழற்றி விடுவார்கள். காலையில் ஸ்பேனர் தேடச் சோம்பல்பட்டு, அதைக் கையாலேயே முனையில் அழுத்தி, ஒரு கல்லால் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஓட்டுவார்கள். கழற்றவும் சுலபம், மாட்டவும் சுலபம். ஆனால் தளர்ந்த டெர்மினல் ஒவ்வொரு குலுக்கலிலும் பொறி விடும். எங்கள் லோடு ஜீப் ஒன்றில் அப்படிப் பொறி பறந்து, பேட்டரி மூடிகள் ஷெட் வாசலிலேயே வெடித்துத் தெறித்தன. அன்று சார் மூன்று விதிகள் போட்டார். டெர்மினலை ஸ்பேனரால் இறுக்க வேண்டும். ஆபத்தில் உடனே கழற்றுவதற்கு ஒரு ஸ்பேனர் ஒவ்வொரு ஜீப்பிலும் பேட்டரிக்குப் பக்கத்துக் கொக்கியில் கயிற்றில் தொங்க வேண்டும். இறுக்கும்போது ஷெட் ஸ்பேனரைத் தொடாமல் அந்த வண்டியின் ஸ்பேனரையே எடுத்து இறுக்கிவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். அப்போதுதான் அது அந்த நட்டுக்குப் பொருந்துகிறது என்பது உறுதியாகத் தெரியும்.

"டிக் கடைசி. ஸ்பேனர் கொக்கிக்குப் போனதுக்கு அப்புறம்தான் சாக்பீஸ். மனசிலாயோ?" என்றார், பானட்டிடம்.

ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒவ்வொரு நிறத்தில் நைலான் கயிறு. பாண்டி அண்ணனுக்குப் பச்சை.

பாண்டி அண்ணன்தான் அதிகம் கிண்டல் செய்தவர். வயதில் என்னைவிடப் பதினைந்து வருடம் பெரியவர். போடிமெட்டுப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கயிற்றைப் பார்த்த அன்று, "ஏத்தா, மாட்டக் கட்டுற மாதிரி ஸ்பேனரக் கட்டி வச்சிருக்கீக. காலையில புல்லும் நீங்களே போட்டுருவீகளா, இல்ல அதுவும் என் சோலியா?" என்று கேட்டார். ஷெட்டே சிரித்தது. ஜெயக்கொடி சார்கூடச் சிரித்ததாக ஞாபகம். ஆனால் அண்ணன் மாலையில் கழற்றுவதை நிறுத்தவில்லை. நானும் காலையில் இறுக்குவதை நிறுத்தவில்லை. ஐந்து வருடம் இது தினமும் நடந்தது.

அந்த நாள் ஆடி மாதம். மேலே மழையும் பனியும். நான் ஐந்து மாதக் கர்ப்பம். காலையில் எழுந்தால் தலை சுற்றும். ஆனால் விடுப்புக் கேட்கக் கூச்சமாக இருந்தது, வேலைக்கு வந்துவிட்டேன். சார் வேறு சோலியாகத் தேனி போயிருந்தார். மூன்று ஜீப்புகள் தாமதம். பாண்டி அண்ணனின் வண்டியில் பதினான்கு பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் வீரம்மா அக்கா. தோட்டத்தில் ஆள் கணக்குக்குப் பேர் எடுக்கிற நேரத்துக்குள் போகாவிட்டால் அன்றைய கூலி அவர்களுக்கு இல்லை. "வெரசா விடுத்தா. நீ பேட்டரியத் தடவிக்கிட்டே இருந்தா, அங்க எங்க பேரத் தடவி அழிச்சுப்புடுவாக" என்றார்.

டெர்மினல் வழக்கம்போலக் கையால் செருகியிருந்தது. கொக்கியிலிருந்து பச்சைக் கயிற்றோடு ஸ்பேனரை எடுத்தேன். கயிற்றோடு இருந்தால் நட்டைச் சுற்றத் தோதுப்படாது, அதனால் முழுதாகக் கழற்றித்தான் எடுப்பேன். இறுக்கினேன். அப்போது பின்னால் நின்ற ஜீப்பின் டிரைவர், ஸ்டார்ட்டர் 'டிக் டிக்' என்கிறது, வெரசா வாங்க என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன். கையைத் துடைத்தேன். டிக் போட்டேன். பானட்டை மூடியது பாண்டி அண்ணன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பாண்டி அண்ணனும் வீரம்மா அக்காவும் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

மாலை நாலு மணிக்கு மேல் போடிமெட்டில் டீக்கடை முன்னால் நின்றபோது மஞ்சள் விளக்கு அணைந்தது. பார்த்தால் ஃபியூஸ் போயிருந்தது. வேறு மாட்டினார். அதுவும் போனது. ஃபியூஸ் இரண்டு முறை போனால் எங்கோ வயர் பாடியில் உரசுகிறது என்று அர்த்தம். அது அண்ணனுக்கும் தெரியும். ஆனால் பத்தடிக்கு அப்பால் தெரியாத பனி. விளக்கில்லாமல் இறங்கினால் எதிரே ஏறி வருகிற வண்டிக்கு இவரைத் தெரியாது. பின்னால் பதினான்கு பேர். பாக்குப் பொட்டலத்தின் வெள்ளித்தாளை நாலாக மடித்து ஃபியூஸ் இடத்தில் வைத்தார். விளக்கு எரிந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு ஆபத்துகளில் கண்ணுக்குத் தெரிந்ததைத் தவிர்த்தார்.

நாலைந்து வளைவு இறங்கியதும் பானட் இடுக்கிலிருந்து புகை வந்தது. மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, சாவியை அணைத்து, எல்லோரையும் குதிக்கச் சொன்னார். ஒரு பெண் டயருக்குக் கல் வைத்தாள். அண்ணன் பானட்டைத் தூக்கினார். சாவியை அணைத்தும் விளக்கு வயர் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. பக்கத்து வயர்கள் பற்றிக்கொண்டன. இடது கையைக் கொக்கிக்கு நீட்டினார். கொக்கி வெறுமையாக இருந்தது. டூல் பெட்டி பின் சீட்டுக்கு அடியில், தூக்குவாளிகளுக்கும் பைகளுக்கும் கீழே. துண்டைச் சுற்றிக்கொண்டு டெர்மினலைக் கையால் பிடுங்கப் பார்த்தார். வரவில்லை. நான்தான் இறுக்கியிருந்தேனே. வயரின் மேல்தோல் உருகித் துண்டின் மேலும், துண்டைத் தாண்டி விரல்களின் மேலும் சொட்டியது. பிறகு வலது கையால் சாலையோரக் கல்லை எடுத்து அடித்து அடித்துக் கழற்றினார். பெண்கள் மலைச்சரிவின் ஈர மண்ணைக் கைகளால் வாரி இறைத்துத் தீயை அணைத்தார்கள்.

வீரம்மா அக்கா பிறகு என்னிடம் சொன்னது: "கை வேகுதுன்னே அவருக்குத் தெரியலத்தா. எல்லாரும் எறங்கிட்டீகளா, எல்லாரும் எறங்கிட்டீகளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நாங்க எறங்கி வெகு நேரமாச்சு."

ஷெட்டுக்குச் செய்தி வந்தபோது சார் தேனியிலிருந்து திரும்பியிருந்தார். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கோட்டைக்கூட நான் கழற்றவில்லை. அண்ணனின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தேன். கோட்டுப் பை பெஞ்சில் இடித்து 'டங்' என்றது. என் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும், ஷெட்டுடையது. கையை விட்டேன். இரண்டு இருந்தன. இரண்டாவதில் பச்சைக் கயிறு.

சாரிடம் நீட்டினேன். அவர் ஸ்பேனரைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். முதல் தடவையாக என் முகத்தையும் பார்த்தார். பிறகு அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீ வீட்டுக்குப் போ. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு இங்க நிக்கண்டா."

சொன்னதைச் செய்தே பழகியவள் நான். பள்ளியிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். கிளம்பினேன். ஆனால் போகுமுன் அண்ணனைப் பார்க்க உள்ளே போனேன். அங்கேயே சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்கத்தா. நூறு தடவ சொன்னீக, கொக்கியப் பாருங்க, கொக்கியப் பாருங்கன்னு. நான் இன்னைக்குப் பாக்கல. ஏதோ வளைவுல விழுந்து தொலைஞ்சிருக்கும். ஃபியூசுக்கு வேற தாளச் சுத்தி வச்சேன். உங்க பேருக்குத்தான் கெட்ட பேரு."

அவர் மனைவி பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். நான் "பரவாயில்லண்ணே" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகக் கேவலமான வார்த்தை அதுதான். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் பெருந்தன்மையாக மன்னித்தேன்.

சார் எழுதிய அறிக்கையில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஃபியூசுக்குப் பதிலாக வெள்ளித்தாள் வைக்கப்பட்டிருந்தது. விபத்தின்போது வாகனத்தில் ஸ்பேனர் இல்லை. இரண்டும் உண்மை. அதைப் படித்தவர்கள், ஸ்பேனரைத் தொலைத்தது டிரைவர் என்று புரிந்துகொண்டார்கள். எரிந்த வண்டியைப் பிரித்த முருகேசன் அண்ணன், துளையிலிருந்த ரப்பர் வளையம் நழுவி உள்ளே விழுந்து கிடந்ததாகச் சொன்னார். அன்று காலை அந்தத் துளையை விரலால் தடவினேனா? தடவினேன் என்றுதான் நினைக்கிறேன். ஸ்பேனரைக் கொக்கியில் மாட்டினேன் என்றும்தான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறு வாரமே விடுப்பு எடுத்தேன். கயல் பிறந்த பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போனபோது சார் ஒரு பழுப்புக் கவரைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே ஸ்பேனர், பச்சைக் கயிறோடு. ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. சாரின் பையிலிருந்து சாவி வெளியே வருகிற கணக்கில் இதுவும் வந்திருக்கிறதா? பழுதை நீயே பார்த்துக்கொள் என்று சொல்கிறாரா? கேட்கத் தைரியம் வரவில்லை. இப்போது அவர் அந்த வேலையை விட்டுவிட்டு இடுக்கிப் பக்கமே போய்விட்டார். ஸ்பேனரை, கயலின் தடுப்பூசி அட்டை இருக்கிற டப்பாவில் வைத்திருக்கிறேன். என் கணவருக்குக்கூட அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாது.

பாண்டி அண்ணனின் இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் மடங்குவதில்லை. இடது கை, கியர் போடுகிற கை. கொண்டை ஊசி வளைவில் கியர் ஒரு நொடி தவறினால் வண்டி பின்னால் உருளும். அவராகவே மலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். இப்போது போடி ஊருக்குள் பள்ளி வேன் ஓட்டுகிறார். நாங்களும் போடியில்தான் இருக்கிறோம். சென்ற ஜூனிலிருந்து கயல் அந்த வேனில்தான் போகிறாள். வேறு வேன் கிடைக்குமா என்று விசாரித்தேன், எங்கள் தெருவுக்கு அது ஒன்றுதான் வருகிறது. காலை எட்டேகாலுக்கு வருவார். இறங்கி, கயலின் பையை அந்த இரண்டு விரல்களில் மாட்டிக்கொள்வார். கொக்கிபோல நீட்டிக்கொண்டே இருப்பதால் பை நழுவாது. "பாத்தியா தாயி, மாமா கையிலயே ஆணி இருக்கு" என்று சொல்வார். அவள் தினமும் சிரிக்கிறாள். ஏறியதும் அவர் என்னைப் பார்த்து, "பேட்டரி பாத்தாச்சுத்தா, டைட்டா இருக்கு" என்பார். அதுவும் தினமும்.

வேன் திருப்பத்தில் மறையும்வரை நின்று புகை வருகிறதா என்று பார்க்கிறேன். வீட்டுக்குள் வந்து அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை பார்க்கிறேன். என் கணவரின் காரில் ஒருநாள் ஸ்பேனரை வைத்து மைனஸ் டெர்மினலைக் கழற்றிப் பார்த்தேன், கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இருபத்திரண்டு விநாடி. அண்ணன் கல்லால் அடித்துக் கழற்றியது எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை.

இனி அந்தப் போன். என் இடத்தில் இப்போது நித்யா என்று ஒரு பெண் இருக்கிறாள். படிப்பு முடித்த கையோடு வந்தவள். ஜீப்புகளுக்கெல்லாம் கட்-ஆஃப் சுவிட்ச் வந்திருக்கிறது, திருகினால் பேட்டரியின் மொத்தத் தொடர்பும் அறுந்துவிடும், சுவரில் ஒட்டப் புதிதாக விதிகள் எழுத வேண்டும், உதவுங்கள் என்றாள். சந்தோஷமாகச் சொன்னேன். சுவிட்சை டிரைவர் இருக்கையிலிருந்தே எட்டும்படி வை. மலிவானதை வாங்கினால் அதுவே சூடாகி உருகும், அதனால் புறங்கையால் அதையும் தொட்டுப் பார். சுவிட்சுக்கு முன்னால் பேட்டரியிலிருந்து நேராக ஒரு விளக்கு வயர்கூடக் கிளம்பக் கூடாது. சுவிட்ச் இருக்கிறதென்று ஸ்பேனரை எடுத்துவிடாதே. கழற்றும்போது எப்போதும் மைனஸ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். டெர்மினல் ஸ்பேனரால் இறுகியிருக்க வேண்டும்.

அங்கேதான் அவள் நிறுத்தினாள்.

"அதான்க்கா இங்க யாரும் ஒத்துக்க மாட்டேங்கிறாக. டெர்மினல இறுக்குனதாலதான் பாண்டி அண்ணனுக்குக் கை போச்சாம். பழையபடி கையால கழட்டுற மாதிரியே வச்சுக்கிறோம்கிறாக. ரெண்டு வண்டி அப்படித்தான் மேல போயிட்டு வருது. நான் என்ன சொல்லட்டும்?"

கயல் கூப்பிடுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன். கயல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இதுவரை என் மௌனம் என்னைமட்டும் சுடுகிறது என்று நினைத்திருந்தேன். அந்தப் போனில்தான், அது இரண்டு ஜீப்புகளில் ஏறி மலைக்குப் போய் வருவது தெரிந்தது. இறுக்கியதால் அந்தக் கை வேகவில்லை. இறுக்கியவள் ஸ்பேனரைத் திரும்ப மாட்டவில்லை. டிக்கை முதலில் போட்டாள். இந்த மூன்று வாக்கியங்களை நித்யாவின் சுவரில் ஒட்டினால் டிரைவர்கள் இறுக்க ஒத்துக்கொள்வார்கள். ஆனால் பாண்டி அண்ணனுக்கு அது சுவரிலிருந்து தெரிய வரக்கூடாது. இந்தப் பக்கத்திலிருந்தும் தெரிய வரக்கூடாது. அதனால் இதை அச்சுக்கு அனுப்புமுன் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

ஏன் இதுவரை சொல்லவில்லை என்று எனக்கு நானே காரணங்கள் அடுக்கியிருக்கிறேன். வெள்ளித்தாள் வைத்தது அவர். மாலையில் டெர்மினலைக் கழற்றிப் போட்டதும் அவர். சார் போகச் சொன்னார். நான் கர்ப்பம். எல்லாம் உண்மை, அந்த அறிக்கையின் இரண்டு வாக்கியங்களைப் போல.

நேற்றுக் காலை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வேன் வந்தது. அவர் இறங்கி விரல்களை நீட்டினார். நான் பையை மாட்டிவிட்டேன். "டைட்டா இருக்குத்தா" என்றார். நான் தலையாட்டினேன். ஸ்பேனர் என் சேலைத் தலைப்புக்குள் இருந்தது.

நித்யாவை, போன் வந்த அன்று மாலையே திரும்பக் கூப்பிட்டு, அந்த இரண்டு வண்டிகளின் சாவியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள், யார் கேட்டாலும் பேசாதே என்று சொல்லிவிட்டேன். செய்தாளாம். டிரைவர்கள் கத்திக்கொண்டிருக்கிறார்களாம். காரணத்தை நான் சொல்லும்வரை தாக்குப்பிடிக்கிறேன் என்றாள். அதிக நாள் முடியாது.

இதை எழுதி முடித்தும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன். உங்கள் கையில் இது இருக்கிறதென்றால் நான் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். அனேகமாகத் தட்டுத் தடுமாறி, பிள்ளைகள் நிறைந்த வேனின் படிக்கட்டருகே, தவறான இடத்தில் தவறாகத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் உங்களிடம் கேட்கிறேன், ஏனென்றால் அவர் மனைவியிடமும் வீரம்மா அக்காவிடமும், ஒருநாள் கயலிடமும் நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் கையால் நடந்த ஒன்றுக்கு உங்களிடமே மன்னிப்புக் கேட்ட ஒருவரிடம், வருடங்கள் கழித்துப் போய் நின்றவர்கள் உங்களில் யாராவது இருந்தால் எழுதுங்கள். எங்கே வைத்துச் சொன்னீர்கள், முதல் வாக்கியத்தை எதில் தொடங்கினீர்கள்?